ஃப்ரிட்ஜில் இருந்த மனுஷச் சரக்கு

“ஒங்க மாமியா அதத் தூக்கிட்டுப் போனத என் கண்ணால பாத்தேன், வேதா. இடுக்கியில புடிச்சு, செத்த எலியத் தூக்குத மாதிரி.”

பக்கத்து வீட்டுக் குழல்வாய்மொழி இந்தச் செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தாள்.

கணவனோடு போய்க் குற்றாலத்தில் குளித்துவிட்டு வந்த வேதாவுக்குத் தலைகூட இன்னும் காயவில்லை. நேரே சமையலறைக்கு ஓடி ஃப்ரிட்ஜைத் திறந்தாள். உள்ளே விளக்கு எரியவில்லை. ஃப்ரீசரிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அவள் வைத்த சின்ன டப்பாவைக் காணோம்.

“கரண்ட் எப்பப் போச்சு?”

“நீங்க ரெண்டு பேரும் பஸ் ஏறுன கொஞ்ச நேரத்துல. காத்துக்கு போஸ்ட் சாஞ்சிட்டாம். ஊரு பூராவும் இல்ல.”

டப்பாவுக்குள் ஒரு பிளாஸ்டிக் குழாய். குழாய்க்குள் ஒரு சொட்டு. மனித உடம்பில் இருக்கிற ஒரு புரதம். அதற்கான ஜீனைப் பாக்டீரியாவுக்குள் புகுத்தி, பாக்டீரியாவையே அதைச் செய்ய வைத்து எடுத்தது. நம் பக்கத்துக்கு இப்போதுதான் வந்திருக்கிற வித்தை. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே மதுரையில் வேதா அதோடுதான் மாரடிக்கிறாள்.

நாளைக்கு மாமனார் திவசம். மறுநாள் திருவனந்தபுரத்து ஆராய்ச்சிக்கூடத்தில் சோதனை. அதுவரை மாமியார் வீட்டு ஃப்ரீசரில் இருக்கட்டும் என்று கொண்டுவந்தாள். சூடு பட்டால் அது செத்த மாதிரிதான். வேறு சொட்டு கிடையாது. இது போனால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று பேராசிரியர் சொல்லியே அனுப்பியிருந்தார்.

நேற்று வந்ததுமே மாமியார் விஜயம் மாமி கேட்டாள். “என்னடி அது, ஃப்ரிட்ஜில?”

“புரதம்மா. நம்ம உடம்பில இருக்கறது. செல்லுக்குள்ள ஆர்.என்.ஏ.ன்னு ஒண்ணு உண்டு. அதை நறுக்கி ஒழுங்கு பண்றதும் இதுதான், வேலை முடிஞ்சா அழிக்கறதும் இதுதான்.”

“அதாவது, பந்திக்கு இலை நறுக்கறவளும் அவளே, எச்சிலை எடுக்கறவளும் அவளே.”

“அதேதாம்மா.”

“அந்த எச்சிலை எடுக்கறவளையா என் தயிருக்குப் பக்கத்தில வெச்சிருக்கே? திவசம் நடக்கற வீட்டில மனுஷச் சரக்கு.”

“ஐஸ்ல இருந்தாப் போறும்மா. யாரும் தொட்டுடாதீங்கோ. விரல் வேர்வை பட்டாலே சோதனை தப்பாயிடும். நாங்களே கையுறை போட்டுண்டுதான் எடுப்போம்.”

“நான் மடி, தொடாதேன்னா அசட்டுத்தனம். உன் சொட்டுக்கு மடின்னா சயன்ஸ்.”

வேதாவின் கணவன் சுப்புராமன் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டான். புருஷர்கள் பேப்பர் வாங்குவதே அதற்குத்தான்.

இப்போது மறைக்கப் பேப்பர் இல்லை. “அம்மா அப்படியெல்லாம் பண்ணமாட்டா” என்றான். அவனுக்கே நம்பிக்கையில்லை.

“கொல்ல வழியாத்தான் போனாவ” என்றாள் குழல்வாய்மொழி. “சாக்கடப் பக்கம்.”

வேதா கொல்லைக்கு ஓடினாள். சாக்கடை ஓரம் பார்த்தாள், கிணற்றடி பார்த்தாள். குப்பைக்குழிக்குள் இறங்கி அழுகல் வாழைச்சருகை வெறுங்கையால் கிளறினாள்.

“விடும்மா. அவுகளுக்கு ஒன் படிப்புன்னாலே ஆகாது. பூச்சியத் தொட்ட கையோட என் சமையக்கட்டுக்குள்ள வாரான்னு எங்கிட்டயே சொன்னாவளே.”

“பிடிக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் நேரா திருவனந்தபுரத்துக்கே போயிருப்பேனே” என்று சொல்லிக்கொண்டே வேதா இன்னொரு கைச் சருகைப் புரட்டினாள்.

கொல்லைக் கதவு திறந்தது. விஜயம் மாமி. தலைமுடியிலிருந்து தண்ணீர் வழிகிறது, புடவை உடம்போடு ஒட்டிக்கிடக்கிறது, கையில் இடுக்கி.

“ஏண்டி குப்பையைக் கிளர்றே?”

“என் டப்பா எங்கே?”

“இந்த வீட்டில இல்லை.”

“எங்கே தூக்கிப் போட்டேள்?”

“அளந்து பேசு. ஃப்ரிட்ஜ் சொட்ட ஆரம்பிச்சுது. உன்னைத் தேடி அருவிக்கா வர முடியும்? ஐஸ் கம்பெனிக்குப் போனேன். கரண்ட் இல்லைன்னு கதவைச் சாத்திட்டான். ஊரிலேயே ஐஸ் இருந்தது ஒரே இடத்தில. ஹைருன் பீவி கடையில.”

குழல்வாய்மொழி வாயைப் பொத்திக்கொண்டாள். “மீன் கடையிலயா?”

“தூத்துக்குடியிலேர்ந்து பெட்டி நிறைய ஐஸ் போட்டு வந்திருக்கு. நடுவில குழி பறிக்கச் சொல்லி இறக்கிட்டேன். மேலே என்னமோ மீனை அடுக்கினா. பேர் சொன்னா, காதில வாங்கிக்கலை. நீ வர்ற வரைக்கும் அந்தப் பெட்டியில யாவாரம் இல்லைன்னு மூடி மேல ஏறி உக்காந்துண்டிருக்கா, பாவம். ஓடு. என் கையும் படலை, அவ கையும் படலை.”

வேதா குழியிலிருந்து ஏறினாள். சுப்புராமன் செருப்பைத் தேடினான்.

“திவசத்துக்கு மடியா இருக்கவுக மீன் கடைக்குள்ள போயிட்டு வந்திருக்கியளே, மாமி” என்றாள் குழல்வாய்மொழி. “தீட்டில்லையா?”

மாமி முந்தானையைப் பிழிந்துகொண்டே சொன்னாள்:

“என் தீட்டு சித்தாத்தில ஒரு முங்கு முங்கினேன், போச்சு. இவ சொட்டு கெட்டுப்போச்சுன்னா அதை எந்த ஆத்தில கொண்டுபோய் முக்கறது?”