காதுப் பஞ்சு

வெள்ளிக்கிழமை காலை, குக்கரின் முதல் விசிலுக்கு முன்பே அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்துவிட்டாள். பிள்ளை பெற்றவள் காதில் காற்றுப் புகக்கூடாது என்று பிரசவத்தன்று வைத்த பஞ்சை, இன்று தலைக்கு ஊற்றுமுன் எடுத்துவிடுவாள். தமயந்திக்கு உலகத்தின் சத்தம் கொஞ்சம் தள்ளி நின்றது இந்தப் பஞ்சுக்குள் இருந்த நாட்களில்தான். சின்ன வயதில் தட்டு விழுந்தாலே கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்வாள். நடிப்புக்காரி என்று வீடே சிரிக்கும். மகன் பிறந்து அவள் கையில் முதன்முதலாக வீறிட்டபோது, ஏந்தியிருந்த அவள் கை தானாக விலகிவிட்டது. நர்ஸ்தான் தாங்கிக்கொண்டாள். அதைத் தமயந்தி யாரிடமும் சொல்லவில்லை. பஞ்சு வைத்த பிறகு, அவன் எவ்வளவு அழுதாலும் மார்போடு அணைத்துக்கொள்ள முடிந்தது.

"நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுல இப்படியே போய் நின்னா, செவிட்டுப் பொண்ணைத் தலையில கட்டிட்டாங்கன்னு சொல்லுவாங்கடி" என்று சிரித்தபடி அம்மா ஒரு காதின் பஞ்சை உருவினாள்.

குக்கர் அலறியது. தொட்டிலில் பிள்ளை வீறிட்டான். தமயந்தி அம்மாவின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொண்ணை எடுக்காதம்மா. அப்புறம் இவனை யாரும்மா தூக்குவா?"