ஒரு டம்ளருக்காகவா?

சேனல்காரர்கள் தன்னை எப்படியெல்லாம் புகழ்ந்தார்கள் என்பதை எழுத்தாளர் மூன்றாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சை நிறுத்தாமலேயே காலி டம்ளரைப் பின்பக்கம் நீட்டினார். அது நிரம்பி வந்தது. ஒரு மடக்குக் குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் மூன்றாவது முறையும் சிரித்தார்கள். இருநூறு எபிசோடாக முதலிடத்தில் இருக்கும் தொடரின் எழுத்தாளர் சொல்லும்போது சிரிக்காமல் இருக்க முடியுமா?

கதாநாயகன் மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த அன்றைய காட்சியின் பக்கங்களை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

தொடரில் அவர் பூட்டுக்காரன். ஊருக்கெல்லாம் பூட்டுத் திறந்து கொடுத்துக் கடைசியில் திருட்டுக் கும்பலுக்கே தலைவனானவன். அதற்காகக் கொடுத்த சாவி வளையத்தை, படப்பிடிப்பு இல்லாத நேரத்திலும் விரலில் சுழற்றிக்கொண்டே இருப்பார். இன்று எடுக்க வேண்டிய காட்சியில், முதல்முறையாகத் தன் கையாலேயே கூட்டாளியைக் கொல்கிறார்.

"இவன் என்னை அறைஞ்சிருக்கான், ஏமாத்தியிருக்கான், போலீஸ்ல மாட்டி விட்டிருக்கான். அப்பல்லாம் பேசாம இருந்தேன். இப்ப எல்லாமே என் கைக்கு வந்தாச்சு. இன்னிக்குப் போய் ஒரு டம்ளருக்காகவா கொல்றேன், சார்?"

அந்தப் பக்கத்தில் அவ்வளவுதான் எழுதியிருந்தது. விருந்தாளிகளோடு பேசிக்கொண்டிருக்கும் கூட்டாளி, பின்னால் நிற்கும் பூட்டுக்காரனைத் திரும்பிப் பார்க்காமல் காலி டம்ளரை நீட்டுகிறான். பூட்டுக்காரன் தண்ணீர் ஜக்கை எடுக்கிறான். அதாலேயே அடிக்கிறான்.

எழுத்தாளர் தன் முன்னாலிருந்த பக்கங்களை அவசரமாகப் புரட்டினார். அந்தக் காட்சியை அவரும் இப்போதுதான் முதல்முறையாகப் படிக்கிறார்.

அவர் சொல்லச் சொல்ல மனைவி டைப் அடிக்கிறாள் என்பது ஊருக்குச் சொன்ன கதை. அவர் கடைசியாக எதையாவது சொன்னது பன்னிரண்டாவது எபிசோடில். அதன்பிறகு தினமும் காரில் ஏறும்போது பக்கங்கள் மடியில் தயாராக இருக்கும். இன்று போனில் பேட்டி கொடுத்துக்கொண்டே வந்ததில் புரட்டிப் பார்க்கக்கூட இல்லை.

"அவளுக்கு என்ன தெரியும், பாவம், வேகமா அடிப்பா" என்று எல்லோரிடமும் சொல்லுவார். சொல்லும்போது அவளும் அங்கேதான் இருப்பாள். இப்போதும் அவருக்குப் பின்னால், சுவரோர ஸ்டூலில், தண்ணீர் ஜக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"குடும்பத்துக்காகத்தான்," என்றார் எழுத்தாளர், குரலைக் கனமாக்கிக்கொண்டு. "அவன் செய்யறது எல்லாமே குடும்பத்துக்காகத்தானே."

"குடும்பம் இந்த சீன்லயே இல்லையே, சார்."

டைரக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். கீழ்த்தளத்தில் செட் தயாராகி, விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. காரணம் புரியாமல் கேமரா முன்னால் நிற்க மாட்டேன் என்று கதாநாயகன் பிடிவாதம் பிடித்தால் பிடித்ததுதான். எழுத்தாளர் தன் கதைக்குத் தானே பதில் சொல்லத் தெரியாமல் விழித்தார் என்ற செய்தி வெளியே கசிந்தால், இருநூறு எபிசோடில் சேர்த்த பெயர் ஒரே நாளில் காற்றில் பறந்துவிடும்.

எழுத்தாளர் பூசி மெழுகிப் பார்த்தார். பழைய பகை என்றார். அது போன மாதமே தீர்ந்துவிட்டது என்றார்கள். குடிபோதை என்றார். டம்ளரில் இருப்பது தண்ணீர்தான் என்று டைரக்டர் கையிலிருந்த தாளைப் பார்த்துச் சங்கடத்தோடு சொன்னார்.

பழக்கதோஷத்தில் எழுத்தாளரின் கை காலி டம்ளரைப் பின்பக்கம் நீட்டியது.

நீட்டிய கை அப்படியே நின்றது. டம்ளர் நிரம்பவில்லை.

சாவிச் சத்தம் நின்றுபோனது.

கதாநாயகன் அந்த டம்ளரைப் பார்த்தார். கவிழ்த்து வைத்த பக்கத்தை எடுத்து இன்னொரு முறை படித்தார். பிறகு எழுத்தாளரின் தோளுக்கு மேலாக, சுவரோரம் பார்த்தார். இத்தனை மாதங்களில் அந்தப் பக்கம் யாரும் பார்த்ததில்லை.

"புரிஞ்சிடுச்சு," என்றார் மெதுவாக. "அண்ணி, அடிக்கிறதுக்கு முன்னாடி நான் எவ்வளவு நேரம் நிக்கணும்?"

கேள்வி தன்னைத் தாண்டிப் போனதில் எழுத்தாளருக்கு முகம் சுண்டிப்போனது.

"கொஞ்ச நேரம் குடுங்க," என்றாள் மனைவி. "அவன் ஒரு தடவை திரும்பிப் பார்த்துட்டா, நீங்க அடிக்க மாட்டீங்க."

டைரக்டர் நாற்காலியை அவள் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார். அவள் சொன்னதைப் பென்சிலால் பக்கத்தின் ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

திரும்பினால் போதும். அது எழுத்தாளருக்கும் தெரிந்தது. ஆனால் இத்தனை பேர் முன்னால் திரும்புவது எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வதாகிவிடும். கை வலித்தது. கழுத்து மட்டும் மசியவில்லை.

"நான்தான் அப்படி எழுதச் சொன்னேன்," என்றார், மேசையைப் பார்த்து.

கதாநாயகன் சுவரோரமிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பின்னால் ஜக்கை எடுக்கும் சத்தம் கேட்டது.