முதல் மழையும் ஒரு கூடைத் தவிடும்

கோடையில் புல்லெல்லாம் கருகிப்போனதால், செங்கல் சுமக்கும் கழுதைகளுக்குச் சாயங்காலம் ஆளுக்கொரு கூடை தவிடு கிடைத்துவந்தது. கொடுக்கிற பொறுப்பு குதிரையிடம். லாயத்தை விட்டு வெளியே கால் வைக்காத குதிரை அது.

மழை ஒரு பாட்டம் பெய்ததுதான் தாமதம். "பஞ்சம் தீர்ந்தது. இனிமேல் தவிடு கிடையாது" என்று குதிரை சொல்லிவிட்டது.

கழுதைகளில் கிழடான ஒன்று முன்னால் வந்தது. "ஐயா, மழை எல்லாருக்கும்தானே பெஞ்சுது? உங்க கொள்ளு மட்டும் நிக்கலையே?"

"அது வழக்கமா வர்றது. இது அவசரத்துக்குக் கொடுத்தது. போய் மேயுங்க!"

"சரிங்க. எங்கே மேயணும்னு ஒரு தடவை வந்து காட்டிடுங்க."

மாட்டேன் என்று சொல்லக் குதிரைக்கு மானம் இடம் தரவில்லை. மேய்ச்சல் காட்டுக்கு வந்தது. நாலு இடத்தில் குனிந்து வாய் வைத்துப் பார்த்தது. பல்லில் மண்தான் நறநறத்தது.

அன்று சாயங்காலமும் தவிடு வந்தது.

"புல் முளைக்கிற வரைக்கும் இருந்துட்டுப் போகட்டும். எனக்கு இளகின மனசு" என்றது குதிரை.

கழுதை விட்ட பெருமூச்சில் கூடைத் தவிடு பறந்தது. நிமிர்ந்து பார்த்தது. குதிரையின் மூக்கில் சேறு இன்னும் காயவில்லை. வந்த சிரிப்பைத் தவிட்டோடு சேர்த்து விழுங்கிக்கொண்டது.