வாடகைக் கார் சாவி

ஏரியிலிருந்து ஏறிவரும் மூடுபனி ஓட்டுநர் இல்லாமல் விடும் வாடகைக் காரின் கண்ணாடியை மறைக்கிறது. கார்க்காரர் வெள்ளையன் துண்டால் துடைக்கத் துடைக்க மறுபடி மறைக்கிறது. "ஏனுங்க, எடுக்கறீங்களா?" என்று சாவியை ஜீவானந்தத்திடமே நீட்டுகிறார். "எனக்கு ஓட்டத் தெரியாதுங்க," என்றுவிட்டு மனைவியிடம் திரும்புகிறான். "கோயிலுக்குப் பஸ்லயே போயிரலாங் கண்ணு. வளைவு நொம்ப. நீ லைசென்ஸ் வாங்கி மாசங்கூட ஆகல." பூங்கோதை கைப்பையின் ஜிப்பைத் திறக்கிறாள், மூடுகிறாள், மறுபடி திறக்கிறாள். கடைவீதிப் பக்கம் பஸ் ஹாரன் கேட்கிறது. அவன் கால் அந்தப் பக்கம் ஓரடி நகர்ந்தே விடுகிறது. அவள் செருப்பைக் கழற்றுகிறாள். வெறுங்காலோடு ஓட்டித்தான் பழக்கம். வெள்ளையன் ஈரத் தரையில் கிடக்கும் அந்தச் செருப்பைப் பார்க்கிறார். சாவி நீட்டிய கை மெதுவாக அவள் பக்கம் திரும்புகிறது.