பிரியாணிக்கு மசியாத மனு

தெருச் சாக்கடைக்குக் கால்வாய் தோண்டும் டெண்டர் போட்டிக் கான்ட்ராக்டர் பால்பாண்டிக்குப் போன அன்றே, அதே தெருவில் குடியிருக்கும் கான்ட்ராக்டர் சேசையா வீட்டில் வைத்திருந்த, தானே மனு எழுதிப் போடும் ஆட்சேப எந்திரம் நகராட்சியில் ஒரு மனுவைச் சொருகிவிட்டது. மனு நிலுவையில் இருக்கும்வரை வேலையைத் தொடக்கூடாது என்பது சட்டம். போன தடவை பால்பாண்டி வீட்டுப் பிரியாணியில் மயங்கி சேசையா மனுவை வாபஸ் வாங்கித் தொலைத்திருந்தார். அதனால் இம்முறை எந்திரத்திடம் கறாராகச் சொல்லிவைத்தார். "நானே வந்து கெஞ்சினாலும் வாபஸ் வாங்காதே."

மழை வந்தது. தோண்டாத கால்வாயின் தண்ணீரெல்லாம் சேசையா வீட்டு ஹாலுக்கே விருந்தாளியாக வந்துசேர்ந்தது. அவர் மனைவி பிலோமினா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கத்தினாள். "உங்க மனுவ இந்தத் தண்ணியிலயே கரைங்க!"

பால்பாண்டி பிரியாணித் தூக்குவாளியோடு முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தார். "அண்ணாச்சி, வாபஸ் வாங்குங்க. நாளைக்கே ஜேசிபிய இறக்குதேன்."

சேசையா கட்டிலில் சம்மணம் போட்டு வாளியைக் காலிசெய்தார். பிறகு ஏப்பம் விட்டபடி எந்திரத்திடம், "வாபஸ் வாங்கிரு ராசா," என்றார்.

"மன்னிக்கணும் மொதலாளி," என்றது எந்திரம் பணிவாக. "பால்பாண்டி பிரியாணிய லஞ்சமா குடுத்தாருன்னு இப்பதான் இன்னொரு மனு போட்டேன். நகராட்சியும் ஏத்துக்கிட்டுது. அம்மாதான் சாட்சி."

சேசையா கெஞ்சும் கண்ணோடு மனைவியைப் பார்த்தார். பிலோமினா காலி வாளியை எட்டிப் பார்த்தாள்.

"வந்து சொல்லுதேன். எனக்கு ஒரு துண்டுகூட வைக்காமத் தின்னாருன்னு."