முப்பத்தாறாவது வாரம்

"நான் என்ன கேக்கேன்னு உனக்கு இங்கன தெரியுமாட்டி?"

அக்கா ஒருமுறை கேட்டாள்.

பழைய லேப்டாப்பில் இருவரும் சேர்ந்து அந்த மென்பொருளைப் போட்ட நாள் அது. முகம் தெரியாத யாரோ எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தது. பாட்டும் பாட்காஸ்டும் வீட்டு லேப்டாப்பிலேயே இருக்கும். எந்த ஊரிலிருந்தும் போனில் கேட்கலாம்.

தெரியும் என்று தங்கை தலையாட்டினாள். 'இப்போது கேட்பவர்' என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் ஆள் பெயர் வரும், கேட்பது என்ன என்பதும் வரும்.

"அப்பம் களவா ஒண்ணும் கேக்க முடியாது," என்று அக்கா சிரித்தாள்.

அந்த அக்கா பிரம்மசக்திதான் போன வருஷம் ஓசூரில், கூட வேலை பார்த்தவனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள்.

அப்பா தங்கையின் கையைப் பிடித்து அம்மாவின் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கினார். அக்காவிடம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. ஒரு வரி எழுதக் கூடாது.

அவள் பேசவில்லை. எழுதவும் இல்லை.

லேப்டாப்பை மட்டும் அணைக்கவில்லை. அதைப் பற்றிச் சத்தியத்தில் ஒன்றும் இல்லை.

மாலை ஐந்தரைக்குப் பட்டியலில் பெயர் வரும். சக்தி. இரண்டு பாட்டு, மூன்று பாட்டு. அவள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஓடிவந்து பார்ப்பாள். அக்கா வேலை முடிந்து பஸ் ஏறிவிட்டாள்.

அது போதும்.

ஆவணியில் ஒருநாள் பாட்டுக்குப் பதில் வேறொன்று வந்தது. கர்ப்பிணிகளுக்கு ஒரு டாக்டரம்மா பேசும் பாட்காஸ்ட். அக்காவே சேர்த்திருந்தாள்.

பதினோராவது வாரம்.

வீட்டில் அது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

பதினைந்து. இருபத்திரண்டு. முப்பது. கால் வீக்கத்தைப் பற்றிய பேச்சை அக்கா மூன்று முறை கேட்டாள்.

முப்பத்தாறாவது வாரத்தோடு பெயர் வருவது நின்றது.

முதலில் லேப்டாப்பின் மேல் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. வீட்டுக்குள் உட்கார்ந்து போட்டுப் பார்த்தால் எல்லாம் பாடியது. அக்காவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று ஐந்து நாள் சோறு இறங்காமல் கிடந்தாள்.

ஆறாம் நாள் போனில் வைஃபையை அணைத்துவிட்டுப் பார்த்தாள். ஒன்றும் திறக்கவில்லை. வெளியிலிருந்து வருகிறவருக்கு இப்படி ஒரு வீடே இல்லை.

பெயர் நின்ற அன்றைக்குத்தான் அப்பா நெட் கனெக்‌ஷனை மாற்றியிருந்தார்.

அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஆங்கிலப் பக்கங்களைப் படித்தாள். புரிந்ததை நோட்டில் எழுதினாள். புது கனெக்‌ஷனில் பல வீடுகளுக்கும் சேர்த்து நெட்டில் ஒரே முகவரி, ஒரே ஐபி; வெளியிலிருந்து வந்தால் எந்த வீடென்று தெரியாது. தனி முகவரி வேண்டுமென்றால் கேட்டு வாங்க வேண்டும்.

வாய் திறந்து கேட்க வேண்டும்.

எழுந்து நின்று வாசி என்று டீச்சர் சொன்ன அன்றோடு, பதினொன்றாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டவள் அவள். கஸ்டமர் கேருக்கு மூன்று முறை போன் போட்டாள். எதிர்முனையில் வணக்கம் என்றதும் மூன்று முறையும் வைத்துவிட்டாள்.

நான்காவது முறை வைக்கவில்லை.

மறுநாள் காலை ஜெயசிங் வந்தார். கனெக்‌ஷன் கொடுத்தவர், பக்கத்துத் தெருக்காரர். குனிந்து மோடத்தைப் பார்த்தார்.

"பச்சை எரியுதே அண்ணாச்சி. நெட்டு குதிரை மாதிரிலா ஓடுது. எதுக்குக் கூப்பிட்டிய?"

அப்பாவுக்குத் தெரியவில்லை.

"தனி ஐபி வேணும்," என்றாள் அவள், மோடத்தைப் பார்த்து.

"பாப்பாவா பேசினது? இத்தன வருசத்துல இன்னைக்குத்தான் சத்தமே கேக்கேன்." ஜெயசிங்குக்குச் சிரிப்பு. "தனி ஐபியெல்லாம் கேமரா வச்சிருக்க கடைக்காரங்க கேப்பாங்க. ஒங்க வீட்டுல என்ன இருக்கு?"

"பாட்டு."

"பாட்டுக்கு எதுக்கு?" என்றார் அப்பா.

"வெளியூர்ல இருந்து கேக்கணும்."

"யாரு?"

இதுவரை கேட்டவற்றின் பட்டியலைத் திறந்து, லேப்டாப்பைத் தூக்கி அவர் பக்கம் திருப்பி வைத்தாள். சக்தி என்ற பெயருக்கு நேராக டாக்டரம்மாவின் கர்ப்பகாலப் பேச்சு ஒரு வாரம்கூட விடாமல் வரிசையாக இறங்கியது. பதினொன்றிலிருந்து முப்பத்தாறு வரை.

அப்பா மேலிருந்து கீழே படித்தார். பிறகு கீழிருந்து மேலே.

"அதோட நின்னுட்டு. இன்னைக்குப் பத்தாவது நாள்ப்பா. லைன் போனது மட்டுந்தானா, இல்ல அவளுக்கு என்னமும் ஆயிட்டான்னு தெரியல."

அடுக்களையில் அம்மா அரிந்துகொண்டிருந்த சத்தம் நின்றது.

ஜெயசிங் ஒன்றும் கவனிக்காமல் தன் போனைத் தட்டிக்கொண்டிருந்தார். "கனெக்‌ஷன் அண்ணாச்சி பேர்லதான இருக்கு. ஒங்க போனுக்கு ஓடிபி வரும். அதச் சொன்னா இப்பமே போட்டுருவேன்."

அப்பாவின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது.

எடுத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். ஆறு எண்ணைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது.

"அஞ்சு நிமிசந்தான் அண்ணாச்சி இருக்கும். வேண்டாம்னா விட்டுருவோம்."

அவள் அப்பாவின் முகத்தையே பார்த்தாள். குனியவில்லை.

அவர் போனை லேப்டாப்புக்குப் பக்கத்தில் மல்லாக்க வைத்தார். கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டார். அதற்குள் போன் திரை மங்கத் தொடங்கியிருந்தது. திரும்பி வந்து, விரலால் ஒரு தொடு தொட்டு, ஆறு எண்ணும் மறுபடி வெளிச்சமானதும் நிமிர்ந்தார்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிப் போனார்.