கோச் சொன்ன வார்த்தை

அரையிறுதி ஆட்டத்தில் கைக்கே வந்த கேட்சை விக்கெட் கீப்பர் சிட்டு கோட்டைவிட்டாள். ஃபைனலுக்கு முந்தின நாள் கோச் போன் செய்தார்.

"நாளைக்கு உன்னை டிராப் பண்ணிடறேன்ம்மா."

பொங்கி வந்த அழுகையில் சிட்டு போனை அணைத்துப் போட்டாள். மறுநாள் காலை போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள்.

"சும்மா வேடிக்கையாவது பார்த்துட்டு வாயேன்டி" என்றாள் அக்கா.

"நான் ஆடாத மேட்சை நான் எதுக்குப் பார்க்கணும்?"

வாசலில் ஹாரன் விடாமல் அலறியது. ஸ்கூட்டரில் கோச்! சிட்டு கலைந்த தலையோடு ஓடினாள்.

"என்னைத்தான் டிராப் பண்ணிட்டீங்களே சார்?"

"இன்னும் எங்கம்மா பண்ணினேன்? பஸ் ஸ்டிரைக்காச்சே, நானே கிரவுண்டுல கொண்டு போய் விடறேன்னு சொல்றதுக்குள்ள போனை வெச்சுட்டே. சீக்கிரம் கிளம்பு! ஏறி கெட்டியா பிடிச்சுக்கோ. வழியில நீ டிராப் ஆயிட்டா டீமுக்கு வேற கீப்பர் கிடையாது!"